ஹோர்ன் ஸ்பீக்கர் வாங்கியவர்களுக்கு: வயரிலிருந்து கதிரை வரை

புதிதாக ஹோர்ன் ஸ்பீக்கர் வாங்கியவர்கள் கேட்கும் முதல் கேள்வி அநேகமாக வயரைப் பற்றித்தான் இருக்கும். எந்த வயர் போடுவது, எவ்வளவு தடிப்பு, மீட்டர் ஆயிரக்கணக்கில் விற்கிறார்களே அது உண்மையிலேயே வித்தியாசம் காட்டுமா என்று. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உண்மையான செம்பு, போதிய தடிப்பு, இறுக்கமான இணைப்பு. இந்த மூன்றும் சரியென்றால் வயர் வேலை முடிந்தது. மிச்சக் காசையும் நேரத்தையும் ஸ்பீக்கர் நிற்கும் இடம், அதைத் திருப்பும் கோணம், அம்பின் (அம்பிளிஃபயரின்) இரைச்சல், ஹோர்னின் சத்தத்தை, பாஸ் என்ற தடித்த சத்தத்தைத் தரும் வூஃபரோடு சமப்படுத்துவது ஆகியவற்றில் போடுங்கள். இவற்றால் வரும் மாற்றம் எந்த வயராலும் வராது. வயருக்கு ஒரு பின்னேரம் போதும், இடத்துக்கு ஒரு மாதம்கூட எடுக்கலாம். சீக்கிரம் முடிகிற வேலை என்பதால் வயரை முதலில் வைக்கிறேன், ஆனால் அதற்கும் முன்னால் ஒரு விஷயம்.

உங்களிடம் இருப்பது எந்த ஹோர்ன்?

ஹோர்ன் என்றதும் நம்மில் பலருக்குக் கண்ணில் நிற்பது கோயில் வாசலில் உயரத்தில் கட்டியிருக்கும் சாம்பல் நிறக் குழாய்தான். அது வேறு சாமான். அறிவித்தலும் தேவாரமும் தூரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகச் செய்தது. பெரும்பாலும் 300 ஹேர்ட்ஸுக்குக் கீழே அதில் ஒன்றும் வராது, 6,000க்கு மேலேயும் பெரிதாக இல்லை. வீட்டில் ஆறுதலாக இருந்து பாட்டுக் கேட்க அது சரிவராது.

அந்தக் குழாய்கள் பெரும்பாலும் 100 வோல்ட் லைன் முறையில் ஓடுபவை, வயர் விஷயத்தில் குழப்பம் வருவது இங்கேதான். 50 வாட்டை 8 ஓம் ஸ்பீக்கருக்கு நேரே அனுப்பினால் வயரில் 2.5 அம்பியர் ஓடும். அதே 50 வாட்டை 100 வோல்ட்டில் அனுப்பினால் அரை அம்பியர்தான். வயரில் வீணாகும் சக்தி கரண்டின் வர்க்கத்தோடு கூடுவது, ஆகவே இழப்பு 25 மடங்கு குறைகிறது. வேல் விழாவுக்கு வீதி நெடுக மெல்லிய வயரை இழுத்துக் கட்டியும் கடைசிக் குழாய் வரை சத்தம் குறையாமல் போவது இதனால்தான். அதைப் பார்த்துவிட்டு அதே வயரை வீட்டு ஸ்பீக்கருக்குப் போடுபவர்கள் இருக்கிறார்கள், வேண்டாம். அந்த அம்பின் 100 வோல்ட் முனையில் வீட்டு 8 ஓம் ஸ்பீக்கரைக் கொழுவவே கூடாது. அம்ப் அல்லது ஸ்பீக்கர், ஏதாவது ஒன்று போய்விடும்.

வீட்டுக்கானவை கிளிப்ஷ், ஜேபிஎல், பழைய ஆல்டெக் போன்ற கம்பனிகளின் பெட்டிகள். போல் கிளிப்ஷ் அமெரிக்காவின் ஆர்கன்சாஸில் ஹோப் என்ற சின்ன ஊரில் 1946இல் தொடங்கிய கம்பனி, கிளிப்ஷ்ஹோர்ன் என்ற பெட்டியை இன்றைக்கும் செய்கிறது. அறை மூலையில் வைப்பதற்கென்றே செய்த பெட்டி அது. பாஸ் ஹோர்னின் கடைசிப் பாகமாக அறையின் இரண்டு சுவர்களுமே வேலை செய்கின்றன. அதே கம்பனியின் ஹெரசி, கோர்ன்வால் போன்றவற்றில் பாஸுக்கு வழக்கமான வூஃபர், நடுச் சத்தத்துக்கும் மேல் சத்தத்துக்கும் மட்டும் ஹோர்ன். உங்களிடம் இருப்பது அநேகமாக இந்த இரண்டாவது இனம்தான், இனி நான் சொல்வதெல்லாம் அதை வைத்துத்தான்.

ஒரு வாட் எவ்வளவு பெரியது

நாதஸ்வரத்தின் சீவாளியை மட்டும் எடுத்து ஊதினால் கீச்சென்று ஒரு சின்னச் சத்தம் வரும். உலவும் அணசும் பூட்டி ஊதினால் வீதி முழுக்கக் கேட்கும். ஊதுபவரின் மூச்சு அதேதான். சின்ன இடத்தில் அழுத்தமாக அசையும் காற்றை, விரிந்துகொண்டே போகும் குழாய் வெளிக்காற்றோடு படிப்படியாகச் சேர்த்துவிடுகிறது. ஹோர்ன் ஸ்பீக்கரில், குழாயின் பின்னால் சத்தத்தை உண்டாக்கும் டிரைவரின் சின்ன டயாபிரத்துக்கு, அதாவது அதிரும் தகட்டுக்கு, கிடைக்கும் உதவியும் இதுதான்.

இதன் பலனை எண்ணில் பார்த்தால்தான் விளங்கும். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால், சாதாரண சின்ன ஸ்பீக்கர் 85 முதல் 88 டெசிபெல் தரும். ஹோர்ன் வகைகள் 95க்கு மேல், சில 100ஐயும் தாண்டும். ஒவ்வொரு 10 டெசிபெலுக்கும் 10 மடங்கு வாட் தேவை. ஆக 85 டெசிபெல் ஸ்பீக்கர் 32 வாட் எடுத்துச் செய்வதை 100 டெசிபெல் ஹோர்ன் ஒரே வாட்டில் செய்துவிடும். வீட்டு ஹோலில் மூன்று மீட்டர் தள்ளி இருந்து தாராளமான சத்தத்தில் கேட்கும்போதுகூட அம்ப் கொடுப்பது ஒரு வாட்டின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் இருக்கும்.

அதனால் அம்ப் தேடும்போது 200 வாட், 300 வாட் என்ற எண்ணைப் பார்க்க வேண்டாம். முதல் ஒரு வாட்டுக்குள் அது எவ்வளவு சுத்தமாக, எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று பாருங்கள். 300பி வால்வ் ஒன்றில் 8 வாட் மட்டுமே தரும் அம்ப் ஹோர்ன்காரர்களிடம் இவ்வளவு பிரியமாக இருப்பதற்குக் காரணம் இதுதான், அந்த 8 வாட்டே இங்கே மிச்சம்.

வயரின் தடிப்பு

வயர் செய்யக்கூடிய கெடுதல் பெரும்பாலும் ஒன்றுதான், தடை. கணக்கு சின்னது. வயரின் நீளத்தை மீட்டரில் எடுத்து, போகவும் வரவும் இரண்டு வழி என்பதால் இரண்டால் பெருக்கி, 0.0175ஆல் பெருக்கி, செம்பின் குறுக்குப் பரப்பால் வகுக்க வேண்டும். 5 மீட்டருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் 0.07 ஓம். அதே 5 மீட்டருக்கு அரைச் சதுர மில்லிமீட்டர் மெல்லிய வயர் போட்டால் 0.35 ஓம்.

0.35 ஓம் என்ன செய்துவிடும் என்று நினைக்கலாம். ஸ்பீக்கரின் மேல் 8 ஓம் என்று எழுதியிருந்தாலும் அது ஒரு பேருக்குத்தான். ஹோர்ன் ஸ்பீக்கர்கள் சில சுருதிகளில் 4 ஓமுக்கு இறங்கும், வேறு இடங்களில் 30 ஓமுக்கும் ஏறும். மெல்லிய வயரில் 4 ஓம் இடத்தில் 0.7 டெசிபெல் குறையும், 30 ஓம் இடத்தில் 0.1 மட்டும் குறையும். அதாவது வயர் எல்லாவற்றையும் ஒரே அளவில் குறைக்காமல், சத்தத்தின் நிறத்தையே கொஞ்சம் மாற்றிவிடுகிறது. 2.5 போட்டால் இந்த வித்தியாசம் 0.13 டெசிபெல், காதுக்குத் தெரியாது. அதற்கு மேல் 4, 6 என்று தடிப்புக் கூட்டினால் பாதகம் இல்லை, பலனும் இல்லை, பழைய பெட்டிகளின் முனைக்குள் அது நுழையாமலும் போகும்.

என் கணக்குப்படி 3 மீட்டருக்குள் 1.5 போதும், 3 முதல் 10 வரை 2.5, அதற்கு மேல் போகிறதென்றால் அம்பை ஸ்பீக்கருக்குக் கிட்டக் கொண்டுபோவதுதான் புத்தி. வால்வ் அம்ப் வைத்திருப்பவர்கள் இன்னும் கவலைப்படத் தேவையில்லை, அந்த அம்பின் உள்ளேயே ஒரு ஓம், இரண்டு ஓம் இருப்பது வழமை, அதற்கு முன்னால் வயரின் 0.07 ஒன்றுமேயில்லை.

வயரில் அம்புக்குறி போட்டு இந்தப் பக்கம்தான் போக வேண்டும் என்பது, நூறு மணித்தியாலம் ஓடிய பிறகுதான் வயர் கனியும் என்பது, நிலத்தில் படாமல் கட்டை வைத்துத் தூக்க வேண்டும் என்பது, இவற்றுக்கெல்லாம் காசு கொடுக்காதீர்கள். ஸ்பீக்கருக்குப் போவது முன்னும் பின்னும் ஆடும் மின்சாரம், அதற்கு ஒரு திசை கிடையாது. ஒரு பெட்டிக்கு இரண்டு சோடி வயர் இழுக்கும் பை-வயரிங்கும் அப்படித்தான், அதே காசுக்கு ஒரு சோடி நல்ல தடிப்பாகப் போடலாம். நோயல் லீ 1979இல் மொன்ஸ்டர் கேபிள் கம்பனியைத் தொடங்கும்வரை உலகம் முழுக்கப் பெரும்பாலானவர்கள் மின்விளக்குக்குப் போடும் சாதாரண இரட்டை வயரில்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மெல்லிய வயரைத் தடிப்பாக்கியது அவர் செய்த நல்ல காரியம், பிறகு அதன் மேல் கட்டிய கதைகள்தான் கூடிப்போயின.

புறக்கோட்டையில் வயர் வாங்குவது

கொழும்பில் இருப்பவருக்கு இதில் கஷ்டமே இல்லை. கெலனி, ஏசிஎல் போன்ற உள்ளூர் வயர்கள் எந்த ஹார்ட்வெயார் கடையிலும் கிடைக்கும். வீட்டுச் சுவருக்குள் போகும் 7/0.67 என்பது ஏழு இழை, ஒவ்வொன்றும் 0.67 மில்லிமீட்டர், மொத்தம் 2.5 சதுர மில்லிமீட்டர். மின்சாரக் கணக்குக்கு அது போதும், ஆனால் விறைப்பாக நிற்கும், ஸ்பீக்கரை அரக்கும்போதெல்லாம் முனையை இழுக்கும். மெல்லிய இழைகள் நிறையச் சேர்ந்த வளையும் வயரைக் கேளுங்கள். இழை எண்ணிக்கையும் இழையின் விட்டமும் சுற்றில் எழுதியிருந்தால் பரப்பை நீங்களே கணக்குப் பார்க்கலாம். விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி, 0.785ஆல் பெருக்கி, இழை எண்ணிக்கையால் பெருக்கினால் சரி.

கவனமாக இருக்க வேண்டியது, ஸ்பீக்கர் வயர் என்றே பேர் போட்டு, கண்ணாடி போன்ற உறையில், பார்க்கத் தடிப்பாக வரும் சுற்றுகளில்தான். அவற்றில் பல, வெளியே செம்புப் பூச்சு, உள்ளே அலுமினியம். முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் ஒரு கடையில் இப்படித்தான் ஒரு சுற்றை எடுத்துத் தந்தார்கள்.

"நானா, இது முழுச் செம்பா?"

"செம்புதான் தம்பி, பார்த்தாலே தெரியுதே."

பார்த்தால் தெரியாது. நுனியில் ஒரு இழையை மட்டும் பிரித்து, நகத்தடியில் வைத்துச் சின்னக் கத்தியால் மெதுவாகச் சுரண்டினேன். சிவப்பு பொடியாக உதிர்ந்து உள்ளே வெள்ளை மின்னியது. நானாவும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார், பிறகு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் வேறொரு சுற்றைக் கொண்டுவந்தார், அது சுரண்டச் சுரண்டச் சிவப்புத்தான். அவருக்கும் அதுவரை தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன், பெட்டியில் எழுதியிருந்ததைத்தான் சொல்லியிருக்கிறார்.

அலுமினியம் கலந்ததன் தடை செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, ஆகவே 2.5 என்று வாங்குவது 1.6 போலத்தான் வேலை செய்யும். அதைவிடப் பெரிய தொல்லை, இழை சீக்கிரம் முறிவதும் இணைப்பில் இறுக்கம் தளர்வதும். நிறை பார்த்தாலும் பிடிபடும், ஒரே அளவுச் சுற்றில் செம்பு வடிவாகப் பாரமாக இருக்கும். வெளியே வெள்ளை, சுரண்டினால் உள்ளே சிவப்பு என்றால் அது ஈயம் பூசிய செம்பு, பயப்பட வேண்டாம், கடற்கரைப் பக்கத்துக்கு அதுதான் இன்னும் நல்லது.

இணைப்பு

வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் மரைன் டிரைவ் பக்கமாக இருப்பவர்களுக்குத் தெரியும், உப்புக் காற்றில் எதுவும் புதிதாக நிற்காது. திறந்து கிடக்கும் செம்பு நுனி முதலில் கறுக்கும், பிறகு பச்சை பிடிக்கும். அப்படியான வயரை முனையில் எவ்வளவு இறுக்கினாலும் தொடுகை சரியாக வராது. வருஷத்துக்கு ஒருக்கால் அம்பை நிறுத்திவிட்டு, நுனியில் ஒரு அங்குலத்தை வெட்டி எறிந்து, புதிதாகச் சீவிப் பூட்டுங்கள். அதற்காகத்தான் வயரை வாங்கும்போதே ஒவ்வொரு பக்கத்துக்கும் அரை மீட்டர் கூட்டி வாங்கச் சொல்வேன். வாழைப்பழ பிளக் வசதி, அடிக்கடி கழற்றுபவர்களுக்கு உதவும், ஆனால் சத்தத்துக்கு அதுவும் வெறும் வயரும் ஒன்றுதான்.

நுனியில் ஈயம் உருக்கிப் பற்றவைத்து அதைத் திருகாணியில் இறுக்குவது நம்மவர்களின் பழக்கம். வேண்டாம். ஈயம் மென்மையானது, அழுத்தத்தில் நாளடைவில் நசிந்து இணைப்பு தளரும். இழைகள் பிரியாமல் இருக்க வேண்டுமென்றால் நுனியில் போட்டு நசிக்கும் சின்னச் செம்புக் குழாய்கள் விற்கிறார்கள், அதைப் போடுங்கள். ஒரே ஒரு இழை வெளியே நீட்டிப் பக்கத்து முனையைத் தொட்டாலும் டிரான்சிஸ்டர் அம்ப் போய்விடலாம். வால்வ் அம்பில் எதிர்ப்பக்கமாக, ஸ்பீக்கர் கொழுவாமல் பாட்டுப் போடக் கூடாது. எந்த அம்பாக இருந்தாலும் அதை நிறுத்திய பிறகுதான் வயரில் கை வைக்க வேண்டும்.

இரண்டு பெட்டிக்கும் கூட்டல், கழித்தல் ஒரே மாதிரிப் போயிருக்கிறதா என்று பார்க்க ஒரு மனிதக் குரல் போதும். பழைய மோனோப் பதிவு ஒன்றைப் போட்டு நடுவில் இருங்கள். குரல் இரண்டு பெட்டிக்கும் நடுவில் ஒரு இடத்தில் நின்று பாட வேண்டும். எங்கே நிற்கிறது என்று சொல்ல முடியாமல் பரந்து, பாஸும் மெலிந்து கேட்டால் ஒரு பெட்டியின் வயர் மாறியிருக்கிறது. வெளியே உள்ள முனையில் மட்டும் மாற்றுங்கள். பெட்டியின் உள்ளே ஹோர்ன் தலைகீழாகக் கொழுவப்பட்டிருந்தால் அதைத் தொடாதீர்கள், பாட்டை வூஃபருக்கும் ஹோர்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் கிராஸோவர்கள் பலவற்றில் அது வேண்டுமென்றே அப்படிச் செய்தது.

இரைச்சல்

வேறு ஸ்பீக்கரில் உங்கள் அம்ப் அமைதியாகத்தான் இருந்திருக்கும். ஹோர்னில் போட்டதும் "ஸ்ஸ்ஸ்" என்று ஒன்று கேட்கும். அம்ப் பழுதாகவில்லை. பாட்டை 15 டெசிபெல் கூட்டித் தரும் அதே ஹோர்ன் இரைச்சலையும் 15 டெசிபெல் கூட்டித் தருகிறது, அவ்வளவுதான். ஹோர்னுக்குள் காதை வைத்தால் மெல்லிதாகக் கேட்பது வழமை. கதிரையில் இருக்கும்போது, இரவு அமைதியில், கேட்டால்தான் பிரச்சினை.

எங்கிருந்து வருகிறது என்று பிடிக்க ஒரு ஒழுங்கு இருக்கிறது. முதலில் அம்புக்குப் பாட்டைக் கொண்டுவரும் எல்லா வயர்களையும் கழற்றிவிட்டு அம்பை மட்டும் ஓட விடுங்கள். இரைச்சல் அப்படியே இருந்தால் அது அம்பின் சொந்தச் சத்தம், அந்த அம்ப் ஹோர்னுக்குப் பொருத்தமில்லை. போய்விட்டால் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொழுவுங்கள், எதைக் கொழுவும்போது வருகிறதோ அதுதான் குற்றவாளி. "ம்ம்ம்" என்ற தடித்த சத்தம் லப்டொப் சார்ஜரில் இருந்தோ டிவி கேபிளில் இருந்தோ வருவதுதான் கூட, இரண்டு வழியாக எர்த் போய்ச் சுற்று உண்டாகிவிடுகிறது. லப்டொப்பைப் பற்றரியில் ஓட்டிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் இருந்து எடுப்பது பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும். எர்த் பின்னை வெட்டுவதோ கழற்றுவதோ மட்டும் கூடவே கூடாது, உயிர் போகிற வேலை அது.

கொழும்பில் இன்னொன்றும் உண்டு, மின்விசிறி. சுவரில் இருக்கும் இலத்திரனியல் ரெகியூலேட்டர் மின்சாரத்தை நறுக்கி நறுக்கித்தான் விசிறியின் வேகத்தைக் குறைக்கிறது, அந்த நறுக்கல் "ர்ர்ர்" என்று அம்புக்குள் வரும். விசிறியை முழு வேகத்தில் விட்டுப் பாருங்கள், சத்தம் நின்றால் காரணம் அதுதான். படிப்படியாகத் திருப்பும் பழைய பெட்டி ரெகியூலேட்டரில் இந்தத் தொல்லை இல்லை.

சத்தத் திருகாணியை (வொலியூமை) தொட்டதுமே அலறுகிறதென்றால், அம்புக்கு வரும் சிக்னலைக் குறைக்க வேண்டும். 10 அல்லது 12 டெசிபெல் குறைக்கும் சின்ன இடைப் பிளக்குகளை, திருகாணிக்குப் பிறகு, பவர் அம்ப் வாசலில் போட்டால் இரைச்சலும் சேர்ந்து இறங்கும். ஒரே பெட்டியாக இருக்கும் அம்பில் அது முடியாது, அங்கே கம்பியூட்டர் அல்லது டிஏசி (டிஜிட்டல் பாட்டை அம்புக்கான சிக்னலாக மாற்றும் பெட்டி) பக்கத்தில் குறைக்கலாம். திருகாணியை வசதியாகத் திருப்ப வரும், ஆனால் இரைச்சல் அவ்வளவாகக் குறையாது.

இடமும் கோணமும்

இந்த இடத்தில்தான் பொறுமை வேண்டும், பலனும் இந்த இடத்தில்தான். சாதாரண ஸ்பீக்கர் சத்தத்தை நாலாபக்கமும் பரப்பும். ஹோர்ன் அப்படியல்ல, குறுக்கே 90 பாகை, மேலும் கீழும் 40, 60 பாகை என்று ஒரு எல்லைக்குள் பிடித்து அனுப்பும். காது அந்த எல்லையின் நடுவில் இருந்தால் ஒரு சத்தம், ஓரத்தில் இருந்தால் வேறொரு சத்தம்.

முதலில் உயரம். கதிரையில் இருக்கும்போது காது நிலத்திலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர். ஹோர்னின் வாய் அந்த உயரத்தைப் பார்க்க வேண்டும். ஹெரசி போன்ற குள்ளமான பெட்டிகள் சாய்ந்த அடிக்கட்டையோடு வருவது இதற்காகத்தான். கட்டை தொலைந்துபோயிருந்தால் முன்பக்கத்துக்கு மட்டும் பலகை வைத்துச் சாய்த்துவிடுங்கள். அலுமாரிக்குள் அடங்கவில்லை என்று பெட்டியைப் படுக்கப் போடாதீர்கள், குறுக்கே பரவ வேண்டியது மேலும் கீழும் பரவும்.

பிறகு தூரம். ஹோர்னும் வூஃபரும் ஒன்றுக்கு மேல் ஒன்றாகத் தள்ளியிருப்பதால் மிகக் கிட்ட இருந்தால் இரண்டும் தனித்தனியாகக் கேட்கும். பெரிய பெட்டிக்கு இரண்டரை, மூன்று மீட்டராவது தள்ளி இருங்கள். பிளாட் ஹோலில் அவ்வளவு நீளம் இல்லையென்றால் சின்ன மொடலே எடுங்கள், பெரியதை நெருக்கி வைப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

கோணத்துக்கு ஒரு நூல் போதும். தலை இருக்கும் இடத்தில் கதிரை முதுகில் நூலைக் கட்டி, ஒவ்வொரு ஹோர்னின் நடுவுக்கும் இழுத்துத் தூரம் சமமா என்று பாருங்கள். இரண்டு சென்ரிமீட்டர் வித்தியாசம்கூடக் குரலை ஒரு பக்கம் தள்ளும். தூரத்தைச் சரிசெய்த பிறகு இரண்டு ஹோர்னையும் நேரே காதுக்குத் திருப்பி ஒரு கிழமை கேளுங்கள். கூர்மை கூடுதலாகத் தோன்றினால் பெட்டிகளை இன்னும் உள்ளே திருப்புங்கள், இரண்டின் பார்வையும் உங்களுக்கு முன்னால் ஒரு அடியில் சந்திக்கும்படி. பலர் வெளியே திருப்பிவிடுவார்கள், அப்போது பக்கச் சுவரில் பட்டுத் தெறிப்பது கூடி, கூர்மை அப்படியே இருந்துவிடும்.

உள்ளே திருப்புவதில் இன்னொரு நன்மை, குடும்பமாகக் கேட்கலாம். சோபாவின் வலது ஓரத்தில் இருப்பவர் வலது பெட்டிக்குக் கிட்ட இருந்தாலும் அதன் பார்வைக்கு வெளியே போய்விடுகிறார், தூரத்தில் இருக்கும் இடது பெட்டி நேரே அவரைப் பார்க்கிறது. கிட்ட இருப்பது குறைந்து, தூர இருப்பது கூடி, குரல் பெருமளவு நடுவிலேயே நிற்கும். எல்லைக்குள் பிடித்து அனுப்பும் ஹோர்னால்தான் இதை வடிவாகச் செய்ய முடியும், எனக்கு ஹோர்னில் மிகப் பிடித்த விஷயமும் இதுதான்.

பாஸுக்குச் சுவர் தூரம். சுவருக்குக் கிட்டப் போகப் போகப் பாஸ் கூடும், மூலையில் இன்னும் கூடும். ஒரு ஆண் குரலைப் போட்டு, பெட்டியைப் பத்து சென்ரிமீட்டர் பத்து சென்ரிமீட்டராக அரக்குங்கள். குரல் குடத்துக்குள் இருந்து வருவதுபோல் இருந்தால் சுவர் கிட்ட, நெஞ்சே இல்லாமல் தொண்டையில் இருந்து மட்டும் வந்தால் சுவர் தூரம். பிறகு தவில் போட்டுப் பாருங்கள். தொப்பிப் பக்கம் கோலால் விழும் அடியும் வலந்தலை விரல் அடியும் ஒரே வாத்தியத்தில் இருந்து, ஒரே நேரத்தில் வருவதாகக் கேட்க வேண்டும். யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவில் பழைய பதிவுகளாகத்தான் கிடைக்கிறது, பாஸ் பெரிதாக இல்லை, ஆனாலும் விரல் அடிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பொரிவதை நல்ல இடத்தில் நிற்கும் ஹோர்ன் காட்டுவதுபோல் வேறு ஸ்பீக்கர் காட்டி நான் கேட்டதில்லை.

அறை

சீமெந்துச் சுவர், டைல்ஸ் நிலம், கண்ணாடி யன்னல். கொழும்பு பிளாட் எல்லாம் இதுதான். கதிரையில் இருந்து ஒருதரம் கைதட்டுங்கள். "டர்ர்" என்று இழுத்தால் எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே சத்தம் ஓடுகிறது. தடித்த திரைச்சீலை, கதிரைக்கு முன்னால் கம்பளம், தலைக்குப் பின்னால் உள்ள சுவரில் புத்தக அலுமாரி. முதலில் இந்த மூன்றையும் செய்யுங்கள். முட்டை அட்டை ஒட்டுவது வீண் வேலை. யன்னல் கண்ணாடிச் சட்டங்கள் பாஸுக்கு அதிர்வது பலருக்கு ஸ்பீக்கர் பழுது போலக் கேட்கும். 30 முதல் 200 ஹேர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் சோதனைச் சத்தம் ஒன்றைப் போட்டுக்கொண்டு அறையைச் சுற்றி நடந்தால் எது கிலுகிலுக்கிறது என்று பிடித்துவிடலாம்.

தனி ஹோர்ன் வாங்கித் தாங்களே பெட்டி செய்பவர்கள், உலோக ஹோர்னை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று இழுத்தால், கார் கதவுக்கு ஒட்டும் தார் அல்லது ரப்பர் ஷீட்டை வெளிப்பக்கம் ஒட்டுங்கள். வாயின் உட்பக்கம் எதையும் ஒட்டக் கூடாது.

இன்னமும் காதைக் குத்துகிறதா

கோணமும் அறையும் சரிசெய்த பிறகும் குத்துகிறதென்றால் வூஃபரைவிட ஹோர்ன் சத்தமாக இருக்கிறது. கம்பனிப் பெட்டியென்றால் உள்ளே கை வைக்க வேண்டாம், அம்பின் டோன் கொன்ட்ரோலைக் கொஞ்சம் இறக்கினாலே போதும். பின்பக்கம் சின்னத் திருகாணி உள்ள பழைய பெட்டியென்றால் அதை இரண்டு எல்லைக்கும் பல தடவை திருப்புங்கள், உள்ளே பிடித்த கறள் விலகும்.

தாங்களே செய்பவர்களுக்கு இரண்டு ரெசிஸ்டர் வேலை. 8 ஓம் டிரைவருக்கு 3 டெசிபெல் குறைக்க, தொடரில் 2.2 ஓம், டிரைவருக்குக் குறுக்கே 20 ஓம். 6 டெசிபெல் என்றால் தொடரில் 3.9, குறுக்கே 8.2. பத்து வாட் சீமெந்து ரெசிஸ்டர் வாங்குங்கள். இரண்டும் கிராஸோவருக்கும் டிரைவருக்கும் இடையில்தான் வர வேண்டும், அப்போதுதான் கிராஸோவர் அதே 8 ஓமைப் பார்த்துக்கொண்டிருக்கும். வெறுமனே ஒரு ரெசிஸ்டரைத் தொடரில் போட்டால் கிராஸோவர் சந்திக்கும் சுருதியே மாறிவிடும்.

ஒப்பிடும்போதும் கேட்கும்போதும்

வயரோ கோணமோ அம்போ, எதை ஒப்பிட்டாலும் ஒரே பாட்டை ஒரே சத்தத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஒரு டெசிபெல் கூடினாலே காதுக்கு அது நல்லதாகத் தோன்றும், கடைகளில் விலை கூடிய வயர் வெல்வதற்கு இதுவும் ஒரு காரணம். போனில் இலவசமாகக் கிடைக்கும் சத்தம் அளக்கும் செயலி இதற்குத் தாராளம், கதிரையில் தலை இருக்கும் இடத்தில் பிடித்து அளந்துகொள்ளுங்கள். முடிந்தால் வீட்டில் ஒருவரை மாற்றச் சொல்லி, எது ஓடுகிறது என்று தெரியாமல் கேளுங்கள்.

அதே செயலியை வழமையாகக் கேட்கும்போதும் ஒருக்கால் பாருங்கள். சாதாரண ஸ்பீக்கர் சத்தம் கூடினால் கரகரத்து எச்சரிக்கும். ஹோர்ன் எச்சரிக்காது, 95 டெசிபெலிலும் சுத்தமாகவே பாடும், கூடிப்போனது தெரியவே தெரியாது. அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் வேலைத்தளங்களுக்குச் சொல்லும் எல்லை 85 டெசிபெலில் எட்டு மணித்தியாலம், ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகும், 94 என்றால் ஒரு மணித்தியாலம்தான். 75க்கும் 80க்கும் இடையில் வைத்துப் பழகுங்கள், குறைந்த சத்தத்திலும் தவிலின் உயிர் போகாமல் காட்டத்தான் இந்தப் பெட்டியை வாங்கினீர்கள்.